கோமாரி கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து மாட்டை வெளியே கொண்டு போகலாமா?

உங்கள் ஊரும் சுற்று வட்டாரமும் கோமாரி நோய்க்காகக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. கையில் இரண்டு கறவை மாடு. அதில் ஒன்றுக்குக் கன்று பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. பக்கத்து மாவட்டத்துக்காரர் ஒருவர் விலை பேசி அச்சாரமும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மகள் கல்யாணச் செலவு நெருக்குகிறது. மாடுகள் நன்றாக மேய்கின்றன, போன வாரம் ஊசியும் போட்டாயிற்று, இந்த வாரமே வண்டி ஏற்றலாமா, கூடவே கொஞ்சம் வைக்கோலும் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த வாரம் ஏற்றக் கூடாது. ஊசி போட்ட நாளிலிருந்து 21 நாள் முழுசாக முடிய வேண்டும். அதன் பிறகும் தடுப்பூசிச் சான்றிதழும், அடையாளத்துக்காகக் காதில் போடும் எண் வில்லையும் சரியாக இருந்தால்தான் மாடுகள் போகலாம். கன்று போக முடியாது. வைக்கோலை அனுப்பாதீர்கள். ஏன் என்பதை விளக்கமாகச் சொல்கிறேன். முப்பது வருடம் கிராமத்து கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்தவன் நான். இந்தக் கேள்வி ஒவ்வொரு கோமாரிப் பருவத்திலும் என் மேஜைக்கு வந்திருக்கிறது. கேட்டவர்களில் யாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்டதில்லை.

முதலில் சட்டம். 2009-ல் நாடாளுமன்றம் இயற்றிய கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்தியா முழுவதற்கும் பொருந்தும். கோமாரி, அடைப்பான், தொண்டை அடைப்பான், தோல் கழலை நோய், ஆட்டுக்கொல்லி, நீலநாக்கு, பறவைக் காய்ச்சல் என்று ஒரு நீண்ட நோய்ப் பட்டியல் அதன் பின்னிணைப்பில் உண்டு. அந்தப் பட்டியலில் இருக்கும் ஒரு நோய்க்காக ஒரு பகுதியைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று மாநில அரசு அறிவிக்கலாம். அறிவிக்கையை அரசிதழில் போட்டதோடு நிறுத்தக் கூடாது, உள்ளூர் மொழிப் பத்திரிகையில் வெளியிட வேண்டும், அந்தப் பகுதியில் உரக்கச் சொல்லியும் தண்டோரா போட்டும் தெரிவிக்க வேண்டும் என்று 6-வது பிரிவு சொல்கிறது. இந்தக் காலத்தில் தண்டோராவா என்று தோன்றலாம். ஆனால் பேப்பர் படிக்காத மேய்ச்சல்காரருக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்று நினைத்து எழுதிய வரி அது. எனக்கு அந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த வரியும் அதுதான்.

அறிவிப்பு வந்த நாளிலிருந்து மூன்று விஷயம் நடக்கிறது. அந்த நோய் தாக்கக்கூடிய இனத்து கால்நடைகள் எல்லாவற்றுக்கும் தடுப்பூசி கட்டாயமாகிறது. 7-வது பிரிவின்படி அவற்றைக் கட்டியிருக்கும் இடத்தை விட்டு நகர்த்தக் கூடாது. 10-வது பிரிவின்படி பகுதிக்கு வெளியே கொண்டு போகவும் கூடாது, வெளியிலிருந்து உள்ளே கொண்டு வரவும் கூடாது. பலரும் கடைசித் தடையை மட்டும்தான் கவனிக்கிறார்கள். உங்கள் தொழுவத்திலிருந்து அதே ஊரில் இருக்கும் மைத்துனர் தோட்டத்துக்கு ஓட்டிப் போனாலும் அது நகர்த்தல்தான்.

இதற்கு விலக்கு இரண்டு. ஊசி போடுவதற்காகப் பக்கத்து மருந்தகத்துக்கோ முகாமுக்கோ ஓட்டிப் போகலாம். இல்லையென்றால், குறிப்பிட்ட நோய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று செல்லுபடியாகும் சான்றிதழ் கூட வர வேண்டும், மாட்டின் உடம்பிலும் அதற்கான அடையாளம் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பகுதியின் எல்லையைத் தாண்டுவதற்கு 16-வது பிரிவு இன்னொரு நிபந்தனை வைக்கிறது: ஊசி போட்டு குறைந்தது 21 நாள் கழிந்திருக்க வேண்டும், அதுவும் சான்றிதழில் தெரிய வேண்டும். உங்களைத் தடுப்பது இந்த 21 நாள்தான்.

மாடு நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்ற விதிகளெல்லாம் தானாகப் புரியும். வாயில் நுரை தள்ளிக்கொண்டு, குளம்பிடுக்கில் புண்ணோடு நொண்டுகிற மாட்டை யாரும் விலைக்கு வாங்கப் போவதில்லை, வண்டிக்காரரும் ஏற்ற மாட்டார். அதனால் நோயைத் தூரத்து ஊருக்குக் கொண்டு போவது பார்க்க நன்றாக இருக்கிற மாடுதான். கோமாரிக் கிருமி உடம்புக்குள் நுழைந்து அடையாளம் தெரிய இரண்டு நாளும் ஆகலாம், 14 நாளும் ஆகலாம். வாயில் கொப்புளம் வருவதற்கு முன்பே பாலில் கிருமி வந்துவிடுவதும் உண்டு. திங்கட்கிழமை நல்ல மாடாக ஏறி, புதன்கிழமை புதுத் தொழுவத்தில் தண்ணீர்த் தொட்டியில் வாய் வைத்து, வெள்ளிக்கிழமை படுத்துவிடும். அந்தத் தொட்டியில் தண்ணீர் குடித்த மற்ற மாடுகளின் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊசி போட்டால் அன்றைக்கே காப்பு வந்துவிடுவதும் இல்லை. எதிர்ப்புச் சக்தி திடமாக உண்டாக இரண்டு மூன்று வாரம் ஆகிறது. ஊசி போட்ட நேரத்தில் கிருமி ஏற்கெனவே உள்ளே இருந்தால் அந்த ஊசி அதைத் தடுக்காது. ஆக 21 நாளில் இரண்டு காரியம் முடிகிறது. உள்ளே நோய் ஒளிந்திருந்தால் அது வெளியே வந்து காட்டிக்கொடுத்துவிடும். இல்லாவிட்டால் ஊசியின் காப்பு வந்து சேர்ந்துவிடும். அதிகாரி யாரோ மனம் போன போக்கில் போட்ட நாள் கணக்கு இல்லை இது.

தடை வரத் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு 2001-ல் பிரிட்டனில் நடந்ததைச் சொல்லலாம். அந்த வருடம் பிப்ரவரி 20-ம் தேதி அங்கே கோமாரி உறுதியானது. நாடு முழுக்கக் கால்நடை நகர்வுக்குத் தடை போட்டது 23-ம் தேதி. ஆனால் அதற்கு முன்பே வட இங்கிலாந்தின் ஹெக்ஸாம், லாங்டவுன் சந்தைகள் வழியாகச் செம்மறி ஆடுகள் நாலா பக்கமும் போய்விட்டன. செம்மறியில் கோமாரி சரியாகத் தெரியாது, லேசாக நொண்டும், அவ்வளவுதான். முதல் நோய் உறுதியாகும்போதே ஐம்பதுக்கும் மேற்பட்ட பண்ணைகளில் கிருமி நுழைந்திருந்தது என்று பிறகு கணக்கிட்டார்கள். முடிவில் 2,026 பண்ணைகளில் நோய். அறுபது லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகளைக் கொன்று புதைத்தார்கள், எரித்தார்கள். நோயைவிட வேகமாக லாரி ஓடியதால் வந்த வினை அது. இன்றைக்கும் அங்கே ஒரு பண்ணையில் நோய் உறுதியானால் சுற்றி 3 கிலோமீட்டர் பாதுகாப்பு வளையமும் 10 கிலோமீட்டர் கண்காணிப்பு வளையமும் போட்டு, உரிமம் இல்லாமல் ஒரு ஆட்டைக்கூட நகர விடுவதில்லை.

நம் ஊரில் மாட்டை வெட்டிப் புதைப்பது வழியில்லை. அதனால் நமக்கு இருப்பது ஊசியும், நகர்த்தாமல் இருப்பதும்தான். 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை இலவசமாகவே ஊசி போடுகிறார்கள். இந்தியாவில் சுற்றும் ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்று வகைக் கிருமிக்கும் சேர்த்த மருந்து அது. ஊசி போட்டால் பால் குறையும், சினை கலையும் என்று சொல்லி முகாம் நாளில் மாட்டைத் தோட்டத்துக்குள் ஒளித்து வைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓரிரு நாள் பால் குறைவது உண்மைதான். ஆனால் கோமாரி வந்த மாட்டின் பால் அந்த ஈற்று முழுவதும் பழைய அளவுக்குத் திரும்பாமல் போவதும், மடிநோய் சேர்ந்துகொண்டு காம்பே அடைபடுவதும் உண்டு. ஒழுங்காக ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி போட்டு வந்தவர், திடீரென்று கட்டுப்பாட்டு அறிவிப்பு வந்தாலும் தவிக்க மாட்டார். அவர் மாட்டுக்கு 21 நாள் எப்போதோ முடிந்திருக்கும், சான்றிதழ் வாங்குவதுதான் பாக்கி.

சரி, சான்றிதழ். இதில்தான் பலர் வழியில் மாட்டிக்கொள்கிறார்கள். ஊசி போட்ட தேதி, மருந்து தயாரித்த தேதி, மருந்து காலாவதியாகும் தேதி, இந்த ஊசியின் காப்பு எந்தத் தேதி வரை என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும் என்று 8-வது பிரிவு சொல்கிறது. கையில் வாங்கியதும் மருந்தக வாசலிலேயே நின்று படித்துப் பாருங்கள். காது வில்லையில் இருக்கும் 12 இலக்க எண்ணைச் சான்றிதழோடு ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பாருங்கள். ஒரு தடவை ஒரு குடும்பம் எல்லாக் காகிதமும் சரியாக வைத்துக்கொண்டு மாட்டை ஏற்றிப் போனது. முள்வேலியில் உரசி வில்லை விழுந்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. சான்றிதழில் இருக்கிற மாடு இதுதான் என்று நிரூபிக்க வழியில்லாமல் பாதி ராத்திரியில் மாட்டோடு திரும்பி வந்தார்கள். வில்லை விழுந்திருந்தால் புறப்படும் முன்பே மருந்தகத்தில் சொல்லி வேறு வில்லை போட்டு, புது எண்ணைப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள்.

வண்டியில் ஏற்றுவதற்கு, மாடு பயணம் செய்யத் தகுதியாக இருக்கிறது என்று கால்நடை மருத்துவர் தரும் உடல்தகுதிச் சான்று ஒன்றும் உண்டு. மாட்டை வதைக்காமல் கொண்டு போக வேண்டும் என்பதற்கான விதியின் கீழ் வருவது அது. தடுப்பூசிச் சான்றிதழ் வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றின் வேலையை முடிக்க முடியாது. இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கன்று. கோமாரி ஊசி நான்கு மாதம் நிறைந்த கன்றுக்குத்தான் முதலில் போடப்படுகிறது, ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி. உங்கள் கன்றுக்கு இரண்டு மாதம்தான். அதாவது அதற்குச் சான்றிதழ் கிடைக்க வழியே இல்லை, ஆனால் அதுவும் அதே இனத்து கால்நடை. தாய்க்கு இருக்கும் சான்றிதழ் கன்றுக்குச் செல்லாது. நம் பக்கத்தில் கறவை மாட்டைக் கன்றோடு சேர்த்துத்தான் பேசுவோம், கன்றில்லாமல் பால் சுரக்காத மாடும் உண்டு. அதனால் வாங்குகிறவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். ஒன்று, கன்று இல்லாத மாட்டை மட்டும் 21 நாள் கழித்துக் கொடுத்துவிட்டு, தாயையும் கன்றையும் அறிவிப்பு விலகும் வரை உங்களிடமே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் இரண்டுக்கும் சேர்த்துத் தவணை கேட்கலாம். இளங்கன்றைக் கோமாரி நேரத்தில் நகர்த்துவது எப்படியும் ஆபத்து. பெரிய மாடு பிழைத்துக்கொள்ளும். கன்றுக்குக் கிருமி நேராக இதயத் தசையைத் தாக்கி, வாயில் புண்கூட வராமல் திடீரென்று விழுந்து செத்துவிடும். நோய் கண்ட தாயிடம் பால் குடித்த கன்றுகள் அப்படிப் போனதை நான் ஒரே வாரத்தில் ஒரே தெருவில் பார்த்திருக்கிறேன்.

வைக்கோல் விஷயத்துக்கு 11-வது பிரிவு. நோய் கண்ட அல்லது நோய் இருக்கும் என்று சந்தேகப்படுகிற கால்நடையை, உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும், பகுதியை விட்டு வெளியே எடுத்துப் போகக் கூடாது. அதன் தோல், மற்ற பாகங்கள், அதிலிருந்து கிடைக்கும் பொருள்கள் எதையும் கொண்டு போகக் கூடாது. அதனோடு ஒட்டிய தீவனம், படுக்கை, கிருமியைச் சுமக்கக்கூடிய வேறு எதையும் கொண்டு போகக் கூடாது. உங்கள் தொழுவத்தில் நோய் இல்லை, சரி. ஆனால் வைக்கோல் போர் தெருவோரம் இருந்து, ஊர் மாடெல்லாம் இழுத்துத் தின்றதாக இருந்தால் அது சுத்தமான வைக்கோல் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எருவுக்கும் இதே கணக்குதான். கேரளத்துத் தோட்டங்களுக்கு நம் பக்கத்திலிருந்து சாணி லோடு போவது வழக்கம், அதை ஏற்றுபவர்கள் இந்த நேரத்தில் நிறுத்த வேண்டும். நோய் கண்ட மாட்டின் பாலைச் சங்கத்துக்கு ஊற்றாதீர்கள், ஒரே கேனில் கலந்து ஊர்ப் பாலையெல்லாம் கெடுக்காதீர்கள்.

வீட்டில் ஆடும் இருந்தால் ஒரு வார்த்தை. அறிவிக்கையில் எந்த இனம் என்று எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் தடை. ஆனால் கோமாரி மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு, பன்றி எல்லாவற்றுக்கும் வரும். மற்ற இனத்துக்கும் பரவும் என்று தெரிந்தால் கால்நடைத் துறை இயக்குநர் தடையை அவற்றுக்கும் நீட்டலாம். எனவே மாடு என்று மட்டும் எழுதியிருந்தாலும், ஆட்டை ஏற்றும் முன் மருந்தகத்தில் கேட்டுவிடுங்கள். பிரிட்டனில் ஊரைக் கெடுத்தது ஆடுதான் என்பதை மறக்க வேண்டாம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து வயலில் ஆட்டுக்கிடை போட டெல்டாவுக்கு நடந்து வரும் கீதாரிகளுக்கு இது இன்னும் பெரிய கஷ்டம். அவர்களுக்குத் தொழுவம் என்று ஓர் இடமே கிடையாது, நகர்வதுதான் பிழைப்பு. கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் கிடை சிக்கிக்கொண்டால் மேய்ச்சலும் தண்ணீரும் ஊரார்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும். வெளியூர் ஆடு நோய் கொண்டு வந்துவிட்டது என்று விரட்டினால், அந்த நூற்றுக்கணக்கான ஆடும் அடுத்த ஊருக்குத்தான் போகும்.

சந்தைக்குக் கொண்டு போகலாமா என்று கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் கால்நடைச் சந்தையும் கண்காட்சியும் நடத்தக் கூடாது. நோய் கண்ட மாட்டை எந்தச் சந்தைக்கும் கொண்டு போகக் கூடாது. வியாழக்கிழமை ஈரோடு கருங்கல்பாளையத்துக்கு ஒரு தடவை போய் நின்று பாருங்கள். கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று எங்கெங்கிருந்தோ ஆள் வந்திருப்பார்கள். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி முடிப்பதற்குள் ஒரு மாடு எத்தனை மாட்டோடு உரசுகிறது, சாயங்காலம் அவை எத்தனை மாவட்டத்துக்குப் பிரிந்து போகின்றன! 2022-ல் தோல் கழலை நோய் குஜராத், ராஜஸ்தான் பக்கம் வெடித்து நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொண்டு போனபோது பல மாநிலங்கள் முதலில் செய்தது சந்தையை மூடியதுதான். அந்த நோயைப் பரப்புவது ஈயும் கொசுவும் உண்ணியும். அவற்றுக்கு எல்லை தெரியாது, உண்மைதான். ஆனால் ஈ தன்னால் பறக்கும் தூரம் கொஞ்சம், லாரியில் மாட்டோடு போகும் தூரம் அதிகம்.

வண்டிக்காரருக்கும் கடமை உண்டு. கால்நடை ஏற்றும் முன்பும் இறக்கிய பின்பும் வண்டியைக் கழுவிக் கிருமிநாசினி அடிக்க வேண்டும் என்கிறது 17-வது பிரிவு. கோமாரிக் கிருமிக்குப் புளிப்பும் ஆகாது, சோடா போன்ற காரமும் ஆகாது. சலவைச் சோடா நான்கு சதவீதக் கரைசல் போதும், அதாவது 10 லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம். சாணியை நன்றாகச் சுரண்டிக் கழுவிய பிறகுதான் அடிக்க வேண்டும், சாணிக்கு மேல் அடித்தால் பலன் இல்லை. ரயிலில் போகும் கால்நடை வழியில் இறங்காமல் கட்டுப்பாட்டுப் பகுதியைக் கடந்து போகச் சட்டம் இடம் தருகிறது. லாரிக்கு அப்படி எழுதவில்லை. எனவே வாங்குகிறவர் வேறு பகுதி வழியாகப் போவதாக இருந்தால் வழியில் இன்னொரு கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேரளத்துக்குப் போவதாக இருந்தால் வாளையாறு, மீனாட்சிபுரம் போன்ற இடங்களில் கால்நடைத் துறையின் சோதனைச் சாவடி உண்டு. அங்கே மாட்டை நிறுத்தி வைத்துப் பார்க்கும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது.

ஒரு விஷயத்தில் குழம்பிவிட வேண்டாம். ஊசியைக் காட்டி வெளியே போகும் இந்த வழி, ஊசி இருக்கும் நோய்க்குத்தான். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு நம்மிடம் ஊசி இல்லை. 2020-ல் அசாமில் தொடங்கி, 2022-ல் வயநாட்டுக்கு வந்து, 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகள் வரை வந்துவிட்ட நோய் அது. அதில் நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் பன்றிகளை அழிக்கிறார்கள், 10 கிலோமீட்டர் கண்காணிக்கிறார்கள். அங்கே 21 நாள் கணக்கு எதுவும் உதவாது.

மீறினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். சட்டத்தில் இருக்கும் அபராதம் முதல் தடவைக்கு 1,000 ரூபாய் வரைதான், கட்டாவிட்டால் ஒரு மாதம் வரை சிறை. ஒரு கறவை மாட்டின் விலைக்கு முன்னால் அது ஒன்றுமில்லை என்று தரகர் உங்கள் காதில் சொல்லுவார். அவர் சொல்லும் கணக்கில் வாங்குகிறவர் வீட்டுத் தொழுவம் இல்லை. அவரும் உங்களை மாதிரி வட்டிக்கு வாங்கி மாடு பிடிக்கிறவராகத்தான் இருப்பார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. நாளைக்கே மருந்தகத்துக்குப் போய் அறிவிக்கையின் நகலைக் கேட்டு, எந்தெந்த ஊர், எந்தெந்த இனம், சட்டத்துக்கு மேல் கூடுதல் நிபந்தனை ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று படியுங்கள். இரண்டு மாட்டுக்கும் ஊசி போட்ட தேதியைக் கேட்டு எழுதி வையுங்கள். அதோடு 21 நாள் கூட்டி, அதற்கு மறுநாளைத்தான் வாங்குகிறவருக்குச் சொல்லுங்கள். அச்சாரம் கொடுத்தவரை நேரில் பார்த்துக் காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். நோயில்லாத மாடு வேண்டும் என்றுதானே அவரும் நினைப்பார். வேண்டுமென்றால் மாட்டை அவர் பெயருக்குப் பேசி முடித்து, பாதிப் பணத்தை இப்போது வாங்கிக்கொண்டு, நாள் வரும் வரை தீனியும் பாலும் உங்கள் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளலாம். கல்யாணச் செலவுக்கு அதுவே கொஞ்சம் கை கொடுக்கும்.

அந்த 21 நாளும் காலையில் கறக்கும் முன் இரண்டு மாட்டின் வாயையும் குளம்பிடுக்கையும் காம்பையும் பாருங்கள். எச்சில் ஒழுகினாலோ, தீனி எடுக்காவிட்டாலோ, காலை உதறினாலோ அந்த மாட்டைத் தனியாகக் கட்டிவிட்டு அன்றைக்கே ஊராட்சியிலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்லுங்கள், மருத்துவருக்கும் போன் போடுங்கள். தனியாகக் கட்டுவதும் தகவல் சொல்வதும் உரிமையாளரின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது. அப்படி ஆனால் விற்பனையைத் தள்ளித்தான் போட வேண்டும், அச்சாரத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒன்றும் ஆகாவிட்டால், உங்கள் மாடு 22-வது நாள் காலையில் தாராளமாக வண்டி ஏறலாம்.